நாலாம் நாளே நின்றுபோகும் நோட்டு: வழி சொல்லுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையில் விசைப்படகு கட்டிக் கிடக்கும் 61 நாளும் கையில் காசு புரளாது, வீட்டில் சிடுசிடுப்புதான். அதற்காக வீட்டுக்கு ஒரு 'நல்லது நோட்டு' போடுகிறோம்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அன்றைக்கு நடந்த நல்லது மூன்று, ஒவ்வொன்றுக்கும் கீழே 'ஏன் நடந்தது' என்று ஒரு வரி. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் எழுத வைத்ததும் இதைத்தான். பென்சில் போதும், உப்புக்காற்று ஈரத்தில் மை ஊறிவிடும்.

சிக்கல் என்னவென்றால், நாலாம் நாள் எல்லா நோட்டிலும் 'டீ நல்லாருந்துச்சு'. 'ஏன்' வரியை விட்டுவிடுகிறார்கள், அதான் சலிக்கிறது. 'நுங்கு தின்னோம்' என்றால் ஒட்டாது. 'பெருவிரலை விட்டதும் நுங்குத் தண்ணி சின்னவன் மூக்கில் பீச்சியது, அப்பத்தா சிரித்தது. சீவிக் கொடுத்தது மாமா, கடலுக்குப் போகாததால் வீட்டில் இருந்தார்' என்று எழுதினால் மனசில் நிற்கிறது. கடன்காரர் வந்துபோன நாளில் யாரும் நோட்டைத் தொடுவதில்லை. அன்றைக்கு வற்புறுத்தவும் கூடாது, துக்க வீட்டிலும் அப்படியே.

எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் சரிவருமா, பேரப்பிள்ளை கேட்டு எழுதுவதா? தடை இல்லாத நாட்டுப்படகுக்காரர்கள் விடியத்தான் கரை சேர்கிறார்கள், அவர்களுக்கு எந்த நேரம் தோது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.