மண்டைக்காட்டுக்கு இருமுடி கட்டியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

அக்கா தங்கச்சிமாருக்கு வணக்கம். நாங்கள் தக்கலைப் பக்கம். மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோவிலுக்கு இருமுடி கட்டுவதாக எங்கள் மைனி (அண்ணி) நேர்ந்திருக்கிறார். விரதமும் தொடங்கியாச்சு. கணக்குப் பார்த்தால் கொடை நாளில்தான் அவருக்கு மாதவிலக்கு வரும். "மெடிக்கல்ல கேட்டா தள்ளிப்போட மாத்திரை தருவாங்க, நாங்கல்லாம் போடலையா?" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்ல, அட்டை வீட்டுக்கே வந்துவிட்டது. நோரெதிஸ்டிரோன், 5 மில்லிகிராம். டாக்டர் சீட்டு கிடையாது. கவரில் கடைக்காரர் பேனாவால் மூன்று கோடு கிழித்துக் கொடுத்ததோடு சரி.

மைனிக்குப் பிரசவத்துக்கு அப்புறம் காலில் ரத்தம் உறைந்து சிகிச்சை எடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. ஒற்றைத் தலைவலி வேறு உண்டு. (நேர்ச்சையே தலைவலி மாற மண்டையப்பம் என்ற பலகாரம் அம்மனுக்கு வைக்கத்தான்!) அம்மாவிடம் சொன்னால், "அம்மன் பார்த்துக்குவா" என்கிறார். எனக்கும் அம்மன்மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் மாத்திரையைக் கொடுத்தது அம்மன் இல்லையே!

நாகர்கோவில், தக்கலைப் பக்கம் திட்டாமல், பொறுமையாகப் பேசும் பெண் டாக்டர் யாராவது தெரியுமா? அம்மாவையும் கூட்டிப் போகணும். அப்புறம், கொடைக்குப் போக முடியாமல், அது முடிந்து பின்னால் வரும் எட்டாம் கொடைக்கோ மீன பரணிக்கோ இருமுடி கொண்டுபோனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் என் பேச்சைவிட அது எடுபடும். மாத்திரை தொடங்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது.