நாலு வயசுப் பையனுக்கு கொலனோஸ்கோபி: மருந்துத் தண்ணியைக் குடிக்க வைக்க வழி சொல்லுங்க

வணக்கம் அக்கா, தங்கைகளே. என் பையனுக்கு ரெண்டு மாசமா மலத்தோட ரத்தம் போகுது, வலி இல்லை. குடல்ல பாலிப் (சின்ன சதை வளர்ச்சி) இருக்கலாம், இருந்தா பார்க்கும்போதே எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னார். வியாழக்கிழமை கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியா கேமரா வெச்ச குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற டெஸ்ட். மயக்கம் கொடுத்துத்தான் செய்வாங்க.

என் பயமெல்லாம் முந்தின நாளைப் பத்திதான். குடல் சுத்தமாக பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியைத் தண்ணில கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும். சோறு, பால் கிடையாது. இளநீர், வடிகட்டின ஆப்பிள் ஜூஸ், தெளிஞ்ச சூப் மட்டும். சிவப்பு ஜூஸ், ஜெல்லி கூடாது, உள்ளே ரத்தம் மாதிரி தெரியுமாம். இவன் இருமல் மருந்தையே துப்புறவன். தயிர்சாதம் சாப்பிடாம தூங்க மாட்டான்.

உங்க பிள்ளைங்களுக்குச் செஞ்சிருந்தா சொல்லுங்க. குளிர வெச்சுக் கொடுத்தா குடிச்சாங்களா? ஸ்ட்ரா நல்லதா, சிரிஞ்சா? வாந்தி எடுத்தா என்ன செஞ்சீங்க? ராத்திரி டயப்பர் போட்டீங்களா? விட்டு ஒரு வருஷம் ஆச்சு, கூச்சப்படுவான். அடிக்கடி கழுவி எரிச்சல் வராம இருக்க என்ன தடவினீங்க?

மருந்து அளவு டாக்டர் எழுதினதுதான், அதை மாத்த மாட்டேன். ஆனா அவன்கிட்ட என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது? பொய் சொல்ல மனசு வரல.