புதுப்பிப்பு: மொபைல் கேமிலிருந்து மிருதங்கத்துக்கு

இரவு இரண்டு மணி வரை மொபைல் கேம், விடவே முடியவில்லை என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். மிருதங்கம் கற்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

கேமில் என்னைப் பிடித்துவைத்த அந்த ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ இங்கேயும் இருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைக் குழைத்து ஒட்டிவிட்டு, த தி தொம் நம் என்று மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிப்பேன். மூன்றாம் காலத்தில் விரல் பின்தங்கும். அது சரியாகும்வரை எழுந்திருக்க மனமே வராது. மணிக்கட்டு கெட்டுவிடும், ஒரு மணி நேரம் போதும் என்று வாத்தியார்தான் நிறுத்துகிறார். அந்தக் கட்டுப்பாடும் எனக்குத் தேவைதான்.

நடுவில் இரண்டு முறை கேமைத் திரும்ப இறக்கினேன், மறைக்கவில்லை. அப்புறம் அழித்துவிட்டேன். இப்போது பத்தரைக்கே தூக்கம் வருகிறது. ஆதி தாளப் பாடங்கள் முடிந்தன, அடுத்த வாரம் ரூபக தாளம்.