பைதானிலிருந்து ஓடவிட்ட எஃப்எஃப்எம்பெக் பாதியில் நின்றுவிடுகிறது

மட்டக்களப்பு, வந்தாறுமூலையிலிருந்து எழுதுகிறேன். எங்கட ஊர் வடமோடிக் கூத்து வீடியோக்களைச் சுருக்கிச் சேமிக்க பைதானில் ஒரு சின்ன ஆப் செய்திருக்கிறேன்; சுருக்கும் வேலையைச் செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற புரோகிராம். விடிய விடிய ஆடினது, ஒவ்வொன்றும் மணிக்கணக்கு நீளம். ஆடின அண்ணாவிமாரில் (கூத்துப் பழக்கும் ஆசான்மார்) இரண்டு பேர் இப்ப இல்லை. வேறு பிரதியும் இல்லை.

லேப்டாப் ஐ3, ரேம் 4 ஜிபி, உபுண்டு 22.04, பைதான் 3.10. வேறு புரோகிராமை ஓடவிடும் சப்ப்ராசஸின் பீஓப்பன் மூலம் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடக்கி, அது தன் நிலையையும் பிழைகளையும் எழுதும் ஸ்டான்டர்ட் எரரைப் பைப்பில் (என் ஆப்புக்கு வரும் குழாய்) எடுத்து, அது முடியும்வரை காத்திருக்க வெயிட் போட்டிருக்கிறேன். சின்ன கிளிப் என்றால் முடிகிறது. பெரியது ஐந்தாறு நிமிடம் ஓடி அப்படியே நிற்கும்: சிபியு பூச்சியம், ஃபைல் அளவு கூடாது, எரரும் வராது. மூன்று நாளாக இதே கதை.

அதே கட்டளை டெர்மினலில் கடைசிவரை ஓடுகிறது. முழுப் பாதை கொடுத்தேன், ஷெல் ட்ரூ போட்டேன், இன்புட்டை டெவ்நல்லுக்கு விட்டேன், மாற்றமில்லை. எரரைப் பைப்பில் எடுக்காமல் விட்டால் மட்டும் முடிகிறது. அதனால் 64 கேபி பைப் நிரம்பி, வாசிக்க ஆளில்லாமல் அடைபடுகிறது என்றுதான் நினைக்கிறேன். வெயிட்டுக்குப் பதில், பைப்பையும் வாசித்துக்கொண்டே காத்திருக்கும் கம்யூனிகேட் போட்டால் நிற்கவில்லை, ஆனால் எல்லாம் முடிந்த பிறகே எழுத்து வருகிறது. எத்தனை வீதம் முடிந்தது என்று திரையில் தெரியவேணும், இல்லாவிட்டால் அப்பா நின்றுபோச்சு என்று நினைத்து மூடிவிடுவார்.

ஓடும்போதே அந்தப் பைப்பை வாசித்து வீதத்தைக் காட்ட, தனித் திரெட் (ஆப்புக்குள் பக்கத்திலேயே சேர்ந்து ஓடும் வேலை) ஒன்று வைக்கவேணுமா, அல்லது வெயிட்டுக்கு முன் வரிவரியாக வாசிக்கும் லூப் ஒன்றே போதுமா?