லண்டனில் சைக்கிளா? விழுந்தால் "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்

விடுமுறைக்குக் கானாடுகாத்தான் வந்திருக்கிறேன். செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் படிக்கப் போகும் பங்காளி மகன், "சித்தப்பா, அங்கே போனதும் சைக்கிள் வாங்கிவிடலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து கிளம்புகிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

வாங்கலாம். வண்டிகள் நம் ஊர் போலவே இடப்புறம்தான் ஓடுகின்றன. ஆனால் காரைக்குடிக் கல்லுக்கட்டியில் பழகிய ஒரு வழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்: ஹாரன் கேட்டதும் ஓரத்தில் ஒண்டுவது. அங்கே ஓரத்தில் வரிசையாகக் கார்கள் நிற்கும், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. அவற்றிலிருந்து 1 மீட்டர் தள்ளியே போங்கள். நெரிசலற்ற தெருவிலும் சந்திப்பை நெருங்கும்போதும் தடத்தின் நடுவிலேயே போகச் சொல்கிறது அந்நாட்டு சாலை விதிநூலான ஹைவே கோட். மணிக்கு 30 மைல் வேகம் வரை வரும் கார் உங்களை முந்தும்போது 1.5 மீட்டராவது இடைவெளி விடவேண்டும் என்பது 2022 ஜனவரி 29 முதல் அதில் இருக்கிறது. இடப்புறம் திரும்பும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே மட்டும் நுழையாதீர்கள். இருட்டிய பின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம்.

இனி என் கதை. கிழக்கு லண்டனில் ஒரு நவம்பர் மாலை, ஐந்து மணிக்கே கும்மிருட்டு. நின்றிருந்த காரின் கதவு திறந்தது. நான் தார்ச்சாலையில் கிடந்தேன். காரிலிருந்தவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். நானோ கூச்சத்தில், ஏதோ நான்தான் அவர் கதவை உடைத்துவிட்டவன் போல, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, கோணிப்போன சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தேன். மறுநாள் காலையில் மணிக்கட்டு பணியாரம் போல வீங்கியிருந்தது. எலும்பு விரிசல். ஆறு வாரம் வேலை இல்லை. கார் எண்? குறிக்கவில்லை.

நம் ஊரில் கூட்டம் கூடும், டீக்கடைக்காரர் பஞ்சாயத்துப் பேசுவார், சில நூறு ரூபாயில் முடியும். அங்கே அந்த நேரத்தில் யாரும் பேசி முடிப்பதில்லை. காயம் ஏற்பட்டால் ஓட்டுநர் நின்று பெயர், முகவரி, வண்டி விவரம் தரவேண்டும். தராவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இது. வண்டி எண், இடம், கதவு நின்ற நிலை எல்லாவற்றையும் படமெடுங்கள். பார்த்தவர் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். "என் தவறுதான்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். வலி தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்; அந்தப் பதிவுதான் பின்னால் பேசும்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நம் பாட்டன்மார் காலணாவைக்கூடப் பேரேட்டில் ஏற்றியவர்கள். அதேபோல எழுதிவையுங்கள்: இழந்த சம்பளம், டாக்ஸிச் செலவு, மருந்து, சைக்கிள் பழுது. எல்லாவற்றையும் இழப்பீடாகக் கேட்கலாம். பொதுவாக, விபத்து நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு அந்த வயது நிரம்பிய நாளிலிருந்து கணக்கு. இடித்துவிட்டு ஓடிவிட்டாலோ, காருக்குக் காப்பீடே இல்லாவிட்டாலோ, இப்படிப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருவதற்கென்றே உள்ள மோட்டார் இன்ஷூரர்ஸ் பியூரோ என்ற அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். இந்தப் பெயர் அன்று எனக்குத் தெரிந்திருந்தால்!

"வழக்குப் போட்டால் விசாவில் சிக்கல் வராதா?" என்பதுதான் பையனின் அடுத்த கேள்வி. வராது. இது அரசு உதவித்தொகை அல்ல, எதிராளியின் காப்பீட்டு நிறுவனம் தரும் இழப்பீடு. வென்றால் மட்டும் கட்டணம் வாங்கும் வழக்கறிஞர்கள் உண்டு. எத்தனை சதவீதம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

ஹெல்மெட் அங்கே சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள்: தலையில் அடிபட்டால், அது இல்லாததைக் காட்டி எதிர்த்தரப்பு இழப்பீட்டைக் குறைக்கப் பார்க்கும். பையன் அதற்குள் காரைக்குடிக் கடையிலேயே ஒன்று வாங்கிவந்துவிட்டான். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்.