அரபுடன் ஸ்பானியமும் சேர்த்துப் படிக்கலாமா? கிண்ணியாவிலிருந்து ஒரு கேள்வி

கிண்ணியா மாணவி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். உயர்தரத்தில் தமிழ், அரபு, இஸ்லாமிய நாகரிகம் எடுத்தேன். அரபுக்கு ஏ கிடைத்திருக்கிறது. அரபிலே பட்டம் முடித்து ஆசிரியர் நியமனம் எடுத்துக்கொள் என்று மாமாமார் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் வெறுப்பு இல்லை. ஆனால் சென்ற ஓகஸ்ட் மாதத்திலிருந்து மனம் இன்னொரு பக்கமும் இழுக்கிறது.

வாப்பா நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறார். விடுமுறை நாள்களில் தேநீர்ப் போத்தலோடு நானும் போவேன். அன்று ஸ்பெயினின் செவில்லா நகரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் படகில் இருந்தார்கள். தேநீரை ஊற்றிக் கொடுத்தபோது அந்த அம்மா கையை உயர்த்தி, "சின் அசூக்கார்" என்றார். சீனி வேண்டாம் என்பதை வாப்பா கையசைப்பிலேயே புரிந்துகொண்டார். என் காதில் விழுந்தது 'அஸ்ஸுக்கர்'. கேட்டே விட்டேன். அவர் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, சீனி, அரிசி, எண்ணெய் மூன்றுக்கும் தங்கள் சொற்களை வரிசையாக எழுதினார்: அசூக்கார், அர்ரோஸ், அசெய்தே. பக்கத்தில் நான் அரபில் எழுதினேன்: அஸ்ஸுக்கர், அர்ருஸ்ஸு, அஸ்ஸைத்து. படகு ஆடியதில் என் எழுத்து கோணலாக விழுந்தது. அந்தத் தாளைக் கிழித்து என்னிடமே தந்துவிட்டார். அது இப்போதும் என் அரபு அகராதிக்குள் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். அரபையும், ஸ்பானியம், போர்த்துக்கேயம், இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய இலத்தீன் வழிமொழிகளில் ஒன்றையும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படிப்பது ஆகக்கூடிய காரியமா? எதை எடுப்பது, எங்கே படிப்பது? படித்த பிறகு என்ன வேலை செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூதூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வஅலைக்கும் ஸலாம், மகள். பேராதனையில் அரபு படித்து முப்பது வருடம் பாடசாலையில் கற்பித்தவன் நான். ஆசை நல்லது. அதன் பாரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க இராஜதந்திரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிலையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் ஸ்பானியத்தையோ இத்தாலியத்தையோ வேலைக்குப் போதுமான அளவு கற்க வகுப்பில் 600 முதல் 750 மணி நேரம் ஆகும். அரபுக்கு 2200 மணி நேரம். ஏறத்தாழ மூன்று மடங்கு.

குர்ஆன் மதரஸாவில் ஓதிய பழக்கத்தால் உங்கள் நாக்கு அரபுக்குத் திரும்பியிருக்கும். அது பெரிய உதவி. ஆனால் ஓதுவது வேறு, ஒரு செய்தித்தாளின் தலையங்கத்தை வாசித்து விளங்குவது வேறு. ஏ எடுத்த பிள்ளைகள் முதலாம் ஆண்டில் இந்த இடத்தில் தடுக்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் அரபுக்கு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பேராதனை இருக்கிறது. பிரெஞ்சுக்குக் களனியில் நவீன மொழிகள் துறை. இரண்டு வருடம் அரபில் ஊன்றி நின்ற பிறகு மற்ற மொழியைத் தொடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

உப்புவெளி மொழிபெயர்ப்பாளர்:

தங்கச்சி, ஆசிரியர் ஐயா சொன்ன மணிக்கணக்கு சரி. முதலில் ஒன்று, பிறகு மற்றது என்ற இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஒன்றாகவே தொடங்குங்கள்.

நான் உப்புவெளியில் பிறந்தவள். ஒன்பது வயதில் எங்களை அப்பா இத்தாலியின் பலெர்மோவுக்கு எடுப்பித்தார். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பல்லரோ சந்தைப் பக்கம் அம்மாவோடு மரக்கறி வாங்கப் போனால், திரும்பும் வழியில் எள்ளுத் தூவிய பாண் வாங்குவோம். பாடப் புத்தகத்தில் எள்ளுக்கு 'சேசமோ' என்று இருந்தது. வெதுப்பகத்துக் கிழவரோ 'ஜுஜ்ஜுலேனா' என்பார். ஏன் இரண்டு சொல் என்று பாடசாலையில் யாரும் சொல்லித் தரவில்லை. பத்து வருடம் கழித்து நாப்பொலியில் (நேப்பிள்ஸ்) ஓர் அரபு வகுப்பில் 'ஜுல்ஜுலான்' என்ற சொல்லைக் கரும்பலகையில் பார்த்தேன். அந்த பாணின் வாசனை வகுப்புக்குள் வந்தது போல இருந்தது. பலெர்மோ 831 முதல் 1072 வரை அரபு ஆட்சியில் இருந்த ஊர். ஆட்சி போனது, எள்ளின் பெயர் கடைக்காரரின் வாயில் தங்கிவிட்டது.

நான் படித்தது நாப்பொலியின் லோரியந்தாலே பல்கலைக்கழகத்தில். சீனாவிலிருந்து திரும்பிய மத்தேயோ ரிப்பா என்ற பாதிரியார் 1732 இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது அது. அரபும் ஸ்பானியமும் எடுத்தேன். ஆறு மாதத்தில் ஸ்பானியத்தில் சிறுகதை வாசித்தேன். அதே ஆறு மாதம் முடிந்தபோது அரபில் அகராதி பார்க்கத்தான் பழகியிருந்தேன். அரபு அகராதியில் சொல்லை முதலெழுத்தால் தேட முடியாது, வேரைக் கண்டுபிடித்துத் தேட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் 'மக்ஸன்' என்ற சொல்லைத் தேடிப் போனேன். பொருள் களஞ்சியம், வேர் 'க-ஸ-ன'. இத்தாலியத்தில் களஞ்சியத்துக்கு 'மகஸ்ஸீனோ', போர்த்துக்கேயத்தில் 'அர்மஸேம்', பிரெஞ்சில் கடைக்கு 'மகஸான்'. மூன்றும் அங்கிருந்து கிளம்பியவை. அதே வேரின் கீழே 'கிஸானா' என்று இருந்தது: நம்முடைய 'கஜானா'! ஒரே பக்கத்தில் நான்கு நாடும் என் ஊரும் இருந்தன. அரபை மட்டும் படித்திருந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். ஒன்றாகத் தொடங்கச் சொல்வது இதனால்தான். கடினமான மொழி சோர்வு தரும் நாளில் இலகுவான மொழி கைகொடுக்கும். இலகுவானது சப்பென்று ஆகும் நாளில் கடினமானது அதற்குள் ஆழம் காட்டும்.

உங்கள் மூன்று சொற்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ, ர போன்ற ஷம்ஸி எழுத்து வந்தால், பெயருக்கு முன் ஒட்டும் 'அல்' என்பதன் லாம், அதாவது 'ல்', கரைந்துவிடும் என்று படித்திருப்பீர்கள். ஸ்பானியர் காதால் கேட்டபடியே எடுத்துக்கொண்டதால் அது 'அசூக்கார்' ஆயிற்று. இத்தாலியர் 'அல்' இல்லாமல் எடுத்து 'ஸுக்கெரோ' என்கிறார்கள். பஞ்சுக்கும் அப்படித்தான்: ஸ்பானியத்தில் 'அல்கொதோன்', இத்தாலியத்தில் 'கொத்தோனே'.

தமிழ் பேசுபவருக்கு எது கஷ்டம் என்று யாரும் எழுதுவதில்லை, ஆகையால் எழுதுகிறேன். அத்திப்பழம், களிமண், மார்க்கம் மூன்றையும் தமிழில் எழுதினால் 'தீன்' என்றே வரும். அரபில் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு முதலெழுத்து. மார்க்கம் உங்களுக்கு ஓதிப் பழகியதாக இருக்கலாம். எனக்கு அந்தப் பேறு இல்லை. வாய்மொழிப் பரீட்சையில் அத்திப்பழத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் களிமண்ணைச் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த 'த'வுக்காக ஒரு மாதம் கண்ணாடி முன் நின்றேன்.

மேசை பெண், புத்தகம் ஆண் என்பது இரு பக்கமும் தலைவலிதான். ஆனால் வேறோர் இடத்தில் நமக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அரபில் பகுத்தறிவுள்ள 'ஆகில்' என்றும், இல்லாத 'கைர் ஆகில்' என்றும் பெயர்கள் பிரியும். புத்தகங்கள், மாடுகள் போன்றவற்றின் பன்மைக்கு ஒருமைப் பெண்பால் அடைமொழிதான் வரும். என்னோடு படித்த இத்தாலியப் பிள்ளைகள் இதில் திணறினார்கள். உயர்திணை, அஃறிணை என்று ஆறாம் வகுப்பில் படித்த எனக்கு அது வீட்டுப் பாடம். வினையும் அப்படித்தான். ஸ்பானியத்தில் 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'நான்' என்பது நம் தமிழைப் போல வினையின் வாலில் இருக்கிறது. அரபின் 'அதகல்லமு'வில் அது தலையில் இருக்கிறது.

வேலையைக் கேட்டீர்கள். ஐக்கிய நாடுகளின் ஆறு அலுவல் மொழிகளில் அரபு, பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றும் உள்ளன. அது தூரத்தில் இருக்கிறது. நான் இப்போது அம்மம்மாவின் வீட்டு முன்னறையில் இருந்து செய்யும் வேலையைச் சொல்கிறேன். இத்தாலிக்குப் போகும் குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் வரும். வளைகுடாவிலிருந்து திரும்பிய பெண்களின் அரபுக் கடதாசிகள் வரும். சென்ற மாதம் ஒரு தாய், நான்கு வருடமாகப் பொலித்தீன் பையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்திருக்கிறார். நான் அரபிலேயே சத்தமாக வாசித்தேன். கடைசி வரியில் 'பாக்கீ' என்று வந்ததும் அவர் என் கையைப் பிடித்து, "பாக்கியா? எவ்வளவு பாக்கி?" என்றார். அரபு தெரியாத அந்தத் தாய்க்கு அந்த ஒரு சொல் தெரிந்திருந்தது. இரண்டு மாதச் சம்பளம். பணம் இன்னும் வரவில்லை. மொழிபெயர்ப்பை இணைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறார்.

எங்கே என்றால், இரண்டும் ஒரே வளாகத்தில் கிடைப்பது டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில். ஒரே மொழிக் கற்கைப் பள்ளிக்குள் அரபுக்கும் ஸ்பானியத்துக்கும் தனித்தனி மையங்கள் உள்ளன. இலங்கை மாணவருக்கு இந்திய அரசின் கலாசார உறவுகள் சபையான ஐ.சி.சி.ஆர் தரும் புலமைப்பரிசில் உண்டு. இந்திய உயர்ஸ்தானிகரகத்தின் அறிவித்தல்களைக் கவனித்துக்கொண்டிருங்கள். எந்த மொழி என்றால் ஸ்பானியம். உங்கள் அகராதிக்குள் இருக்கும் தாள் அந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பாலையூற்றுக்காரன்:

போர்த்துக்கேயத்துக்காக ஒரு வார்த்தை. நாங்கள் பாலையூற்றுப் பறங்கியர். திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் 1639 இல் பிடித்த பிறகும் எங்கள் வீடுகளில் போர்த்துக்கேயம் பேசப்பட்டது. என் அம்மம்மா தன் தங்கையோடு கடைசிவரை அதில்தான் பேசினார். லிஸ்பன் போர்த்துக்கேயத்தில் வினை வாக்கியத்தின் நடுவில் வரும். அம்மம்மாவின் பேச்சில் தமிழைப் போலக் கடைசியில் வரும். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஊகோ கார்டோசோவும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தக் கிழக்குக் கரைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

சாவி, சன்னல், மேசை, கதிரை, சப்பாத்து, குசினி, காலையில் வாங்கும் பாண், எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். எனக்கு அம்மம்மாவின் மொழியில் பாட்டுகள் மட்டும் தெரியும், பேச்சு தெரியாது. இதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. ஸ்பானியம் படித்தவருக்குப் போர்த்துக்கேயம் வாசிக்க அதிக காலம் எடுக்காது என்கிறார்கள். படித்து முடித்த பிறகு ஒருநாள் எங்கள் தெருவுக்கும் வாருங்கள், தங்கச்சி. பேசுகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

கிண்ணியா மாணவி:

எல்லோருக்கும் நன்றி. ராத்தா எழுதியதை வாப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். 'பாக்கி' வந்த இடத்தில் அவர் ஒன்றும் பேசவில்லை. டில்லி என்றால் யோசிக்க வேண்டும், ஆனால் விண்ணப்பத்தைப் பார் என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியர் ஐயா, நாளையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு அரபுத் தலையங்கம் வாசிக்கப்போகிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். வாப்பும்மாவிடம் ஒரு பழைய அர்வி புத்தகம் இருக்கிறது. எழுத்து அரபு, வாசித்தால் தமிழ். ஸ்பெயினிலும் அப்படி எழுதினார்களா?

உப்புவெளி மொழிபெயர்ப்பாளர்:

எழுதினார்கள். அதற்கு 'அல்ஹமியாதோ' என்று பெயர். 'அஜமி' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அரபு பேச்சு மறந்துபோன முஸ்லிம்கள் ஸ்பானியத்தை அரபு எழுத்தில் எழுதி வைத்தார்கள். 1609 இல் அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றத் தொடங்கினார்கள். 1884 இல் அல்மொனாசித் தெ லா சியெர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளத்துக்கு அடியிலிருந்து அந்தக் கையெழுத்துப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வெளிவந்தன. தொழிலாளர்களுக்கு அவை என்னவென்று தெரியாததால் சில அழிந்தும் போயின.

வாப்பும்மாவின் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்ற வேண்டாம், ஈரம் பிடிக்கும். பருத்தித் துணியில் வையுங்கள். முதல் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போட முடியுமா? அதில் 'ழ'வை எந்த எழுத்தால் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.