சர்க்கரை குறைத்த மசாலா பழ கேக்: செய்து பார்த்தவர்கள் சொல்கிறோம்

பழ கேக்கில் சர்க்கரையைக் குறைக்கப் போகிறேன் என்றதுமே வீட்டில் முகங்கள் சுருங்கின. எனக்கோ அந்தச் சர்க்கரை அங்கே எதற்கு என்பதே புரிவதில்லை. உலர்திராட்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், பேரீச்சம்பழமும் அப்படியே. அதன் தலையில் இன்னொரு கிண்ணம் வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டினால், பழத்தின் ருசி அதில் அமுங்கிவிடுகிறது.

என் அளவு இது: முழுக் கோதுமை மாவு 200 கிராம், உலர்பழங்கள் 400 கிராம், முட்டை 3, எண்ணெய் 80 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி. சர்க்கரைக்குப் பதிலாக, விதை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராமை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேர்க்கிறேன். கேக்கின் ஈரத்தையும் இந்த விழுதே பிடித்து வைக்கிறது. மற்ற பழங்களைப் பொடியாக நறுக்கி, ரம்முக்குப் பதில் சூடாக்கிய ஆரஞ்சுச் சாற்றில் இரவு முழுவதும் ஊறவிடுகிறேன். காலையில் பார்த்தால் திராட்சை சுருக்கம் நீங்கி உப்பியிருக்கும். கிண்ணத்தின் அடியில் சாறு ஏறக்குறைய இருக்காது.

முழுக் கோதுமை மாவின் தவிடு நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். கலந்த மாவைக் கால் மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு அவனில் வையுங்கள். பழம் அடியில் தங்காமலிருக்க மாவில் புரட்டிப் போடச் சொல்வார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கரண்டியிலிருந்து தொப்பென்று விழும் அளவுக்குக் கலவை கெட்டியாக இருந்தால் பழம் தானே நிற்கும்.

எட்டங்குல டின்னில் இரண்டு அடுக்குக் காகிதம் விரித்து, 150 டிகிரி செல்சியஸில் ஒன்றேகால் மணி நேரம். மேல்புறம் சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளால் மூடிவிடலாம். குச்சியைக் குத்தும்போது பழத்தின் பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டு வரும். அதை வேகாத மாவு என்று எண்ணி மேலும் அரை மணி நேரம் விட்டால் கேக் வறண்டுவிடும்.

*

அக்கா, மசாலாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே! இனிப்பைக் குறைத்தால் பட்டையைக் கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும். அதன் மணமே நாக்கை ஏமாற்றி இனிப்பைக் கூட்டிக் காட்டுகிறது. நான் பட்டைத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்குத்தூள் அரை, அப்போதே துருவிய ஜாதிக்காய் கால் தேக்கரண்டி போடுகிறேன். கிராம்பு மட்டும் ஒரு சிட்டிகையோடு சரி. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் யூஜெனால்தான் கிராம்பிலும் இருக்கிறது. கை தவறினால் நாக்கு மரத்துப்போகும், மற்ற மசாலாவெல்லாம் வீண்.

ஆரஞ்சுத் தோலையும் துருவிப் போடுங்கள். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி வேண்டாம், கசக்கும்.

*

எங்கள் வீட்டில் மாமியாருக்கு நீரிழிவு. சர்க்கரையே சேர்க்கவில்லை என்று சொல்லிப் பெரிய துண்டாக நீட்டுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பழத்தில் இருப்பதும் இரத்தத்தில்தானே ஏறும்? வெல்லம் போட்டாலும் கதை அதேதான். நான் பழத்தில் கால் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் வால்நட் போடுகிறேன். துண்டும் விரல் கனம்தான். அவர் கேட்டால் இன்னொன்று உண்டு, ஆனால் மறுநாள்!

ஒரு சந்தேகம்: இந்த கேக் எத்தனை நாள் தாங்கும்?

*

பழைய முறை கேக்கைப்போல மாதக்கணக்கில் தாங்காது. அதைக் கெடாமல் காத்ததே சர்க்கரையும் மதுவும்தான், இரண்டையும் நீக்கிவிட்டோம். நன்றாக ஆறியதும் காகிதத்தில் சுற்றி, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வெட்டினால் உதிராது, மசாலாவும் ஊறியிருக்கும். நாலைந்து நாளில் தீராது என்று தோன்றினால் துண்டுகளாக்கி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டியபோது எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும்.